திரும்பி வந்த கதையை என்ன செய்வது?

கேள்வி: அக்கா, கடலூர் முதுநகரில் இருக்கிறேன். சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஓய்வு கிடைக்கும் நாட்களில் கதை எழுதுகிறேன். தானே புயலை வைத்து எழுதிய ஒரு கதையை மூன்று இதழ்களுக்கு, ஒன்று இல்லை என்றான பிறகு இன்னொன்று என்று அனுப்பினேன். வார இதழிலிருந்து பதிலே வரவில்லை. இணைய இதழ் ஒன்று, “தங்கள் படைப்பைப் பிரசுரிக்க இயலவில்லை, வருந்துகிறோம்” என்று எழுதியது. சிற்றிதழ் ஆசிரியர் ஒருவர், “பிற்பகுதி பிடித்திருந்தது. தொடக்கம் நீளம். பேச்சுவழக்கு சில இடங்களில் பிடிபடவில்லை. இப்போதைக்கு எடுத்துக்கொள்ள முடியவில்லை” என்று எழுதினார். புதுமைப்பித்தன் பிறந்த திருப்பாதிரிப்புலியூரும் ஜெயகாந்தன் பிறந்த மஞ்சக்குப்பமும் எங்கள் ஊர்தான். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை போலிருக்கிறது. அப்பா டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார். எழுதுவதை நிறுத்திவிடலாமா? அல்லது காசு கொடுத்தாவது புத்தகமாகப் போட்டுவிடலாமா? கதையை இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, தேர்வுக்குப் படியுங்கள். அப்பா சொல்வதில் தவறே இல்லை. தமிழில் கதை எழுதி அந்த வருமானத்தில் மட்டும் குடும்பம் நடத்தியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விருத்தாசலம் பக்கத்துக்காரரான கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்கள் எழுதினார். அதே வட்டாரத்தைச் சேர்ந்த இமையம் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எழுதினார். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது. கையில் சம்பளம் இருக்கிறவருக்குத் திரும்பி வந்த கதை மனக்கஷ்டத்தோடு நிற்கும், அடுத்த மாத வாடகையைத் தொடாது. தேர்வா எழுத்தா என்ற கேள்வியை இந்தக் கடிதங்களோடு சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள்.

நிறுத்துவதா வேண்டாமா என்பதற்கு வருகிறேன். மூன்று இடத்திலும் மறுத்துவிட்டார்கள் என்று நீங்கள் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை மூன்றும் மூன்று விதமாகத் தெரிகின்றன. முதலாவது எதையும் சொல்லவில்லை. இரண்டாவது, முடிவை மட்டும் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. மூன்றாவது, கதையை முழுதாகப் படித்த ஒருவர் உட்கார்ந்து உங்களுக்கென்று எழுதியது. புதுச்சேரியில் ஒரு சிற்றிதழுக்காகப் பல வருடங்களாக வருகிற கதைகளை வாசித்து வருகிறேன். என் கதைகளை வெளியே அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்த அனுபவமும் உண்டு. இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும். புதிதாக எழுதுகிறவர்கள் எதுவும் சொல்லாத பதிலைப் பார்த்துக் கதையைக் கிழித்துப் போடுகிறார்கள். ஏதாவது சொல்கிற பதிலைப் பார்த்துக் கோபித்துக்கொள்கிறார்கள். நீங்களும் அந்தச் சிற்றிதழ் ஆசிரியரின் வரிகளைப் பற்றித்தான் அதிகம் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வந்தவற்றில் விலை மதிப்புள்ளது அது ஒன்றுதான்.

பதிலே வராததை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் கதையோடு ஸ்டாம்பு ஒட்டிய, நம் விலாசம் எழுதிய உறையையும் வைத்து அனுப்பவேண்டும். பிரசுரமாகாவிட்டால் அந்த உறையில் கதை திரும்பி வரும். தபால்காரர் கையில் உறை தடியாகத் தெரிந்தால் கதை திரும்பிவிட்டது என்று பொருள். மெல்லிய உறையோ கார்டோ வந்தால் நல்ல சேதி. வாசலில் நிற்கும்போதே முடிவு தெரிந்துவிடும். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதுதான் கொடுமை. இன்று மின்னஞ்சலில் அனுப்புவதற்குச் செலவு கிடையாது. அதனால் வந்து குவிகிறது. குவிவதைப் படிக்கிறவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை. சிற்றிதழ்களில் பெரும்பாலும் படிக்கிறவர் வேறு வேலையில் இருப்பவர். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு கணினியைத் திறக்கிறவர். பெரிய வார இதழ்களில் உதவி ஆசிரியருக்குக் கதை தேர்வது பத்து வேலைகளில் ஒரு வேலை. தேர்வானால் மட்டும் தெரிவிப்போம் என்று பல இதழ்கள் வெளிப்படையாகவே போட்டுவிடுகின்றன. அந்த மௌனத்திலிருந்து உங்கள் எழுத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பிழிந்தெடுக்க முடியாது. கதையைத் திறந்தார்களா என்பதே உங்களுக்குத் தெரியாது.

இந்த ஊரில் இருந்துகொண்டு மௌனத்தைப் பற்றி எழுதும்போது பாரதியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பத்தாண்டுகளில் எழுதியவை உட்படத் தம் எழுத்துகள் அனைத்தையும் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் அச்சிடவேண்டும் என்று 1920இல் திட்டமிட்டார். பணஉதவி கேட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பினார். வந்த பதில் மிகமிகக் குறைவு. திட்டம் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்துவிட்டார். அந்தக் கடிதங்களைப் பெற்றுக்கொண்டு சும்மா இருந்தவர்கள் அவர் கவிதையைப் படித்துத் தரம் பார்த்துச் சும்மா இருந்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? பணமில்லாமல் இருந்திருப்பார்கள், பயந்திருப்பார்கள், அப்புறம் பார்க்கலாம் என்று எடுத்து வைத்திருப்பார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. பதில் வராததற்கு எழுத்தைத் தவிர ஆயிரம் காரணம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது, “இயலவில்லை, வருந்துகிறோம்.” இது எல்லோருக்கும் போகிற வாசகம். ஒரே வாசகத்தை எழுதத் தெரியாதவருக்கும் அனுப்புவோம், நன்றாக எழுதுகிறவருக்கும் அனுப்புவோம். இதழ் நடத்துகிற பக்கத்திலிருந்து சில காரணங்களைச் சொல்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் நெருங்கும்போது சுனாமிக் கதைகள் வரும். 2004 இந்தக் கரையில் விட்டுப்போன காயம் அப்படி. தேவனாம்பட்டினத்திலிருந்தும் வரும், காரைக்காலிலிருந்தும் வரும். ஓர் இதழில் ஒன்றுதான் போட முடியும். இரண்டாவது கதை முதலாவதைவிட நன்றாக இருந்து, முதலாவதை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டால், இரண்டாவது திரும்பித்தான் போகவேண்டும். உங்கள் தானே புயல் கதைக்கும் இது நடந்திருக்கலாம். அடுத்து, அளவு. நீங்கள் அனுப்பியிருப்பது ஏறக்குறைய 4,000 சொற்கள். வார இதழ்களில் கதைக்கு ஒதுக்கும் இடம் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வந்து, பல இடங்களில் ஒரு பக்கக் கதைதான் மிச்சம். ஓவியம், தலைப்பு போக எஞ்சுகிற இடத்தில் உங்கள் கதையின் கால்பாகம்கூட அடங்காது. அதை அங்கே அனுப்பியது வீண். அந்த இதழின் கடைசி ஐந்தாறு பிரதிகளைப் புரட்டியிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். கடலூர் மாவட்ட மைய நூலகத்துக்குப் போங்கள்; புதுச்சேரி வந்தால் ரோமன் ரோலந்து நூலகம் இருக்கிறது. ஓர் இதழுக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்த இதழை வாசிப்பது அடிப்படை மரியாதை என்று நான் நினைக்கிறேன். மறுப்புகளில் பாதியை அதுவே தவிர்த்துவிடும்.

இன்னும் சின்னச் சின்னக் காரணங்கள் உண்டு. யூனிகோடில் இல்லாத பழைய எழுத்துருவில் அனுப்பினால் எங்கள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். முகநூலில் ஏற்கெனவே போட்ட கதை என்று தெரிந்தால் பல இதழ்கள் தொடாது. தீபாவளி மலருக்கான வேலை ஆடி மாதத்திலேயே தொடங்கிவிடும். ஐப்பசியில் அனுப்புகிற தீபாவளிக் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஆண்டு அதற்கு இடமில்லை. இவை எதற்கும் தனித்தனியாக விளக்கம் எழுத யாருக்கும் நேரமில்லை. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வாசகம்தான்.

காரணம் கதைக்கு வெளியே இருப்பதற்கு நன்றாகப் பதிவான சான்று ஒன்று உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1944இல் விலங்குப் பண்ணையை எழுதி முடித்தபோது பதிப்பாளர்கள் வரிசையாக மறுத்தார்கள். ஃபேபர் நிறுவனத்தில் இருந்த கவிஞர் டி.எஸ். எலியட், எழுத்தின் சிறப்பைப் பாராட்டிவிட்டு, அன்றைய அரசியல் நிலையை விமர்சிக்க இது சரியான கோணமா என்று தங்களுக்கு உறுதியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்தக் கதை சோவியத் ஆட்சியைக் கிண்டல் செய்தது. போர் நடந்துகொண்டிருந்தது, சோவியத் யூனியன் பிரிட்டனின் கூட்டாளி. 1945 ஆகஸ்டில் வேறு பதிப்பகம் அதை வெளியிட்டது. எழுதியது மாறவில்லை. காலமும் இடமும்தான் மாறின.

நம் மொழியிலும் இடம் கிடைக்காத எழுத்துக்காக இதழ்களே பிறந்திருக்கின்றன. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது யாப்பில் அடங்காத கவிதைகளைப் பெரிய இதழ்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புதுக்கவிதை என்று நாம் இன்று சர்வசாதாரணமாகச் சொல்வது அந்தச் சின்ன இதழின் பக்கங்களில் வேர் பிடித்தது. “எங்கள் இதழுக்கு ஏற்றதாக இல்லை” என்று எழுதுகிறவர் பல நேரங்களில் உண்மையைத்தான் எழுதுகிறார். சால்ஜாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது மூன்றாவது பதில். நிதானமாகப் பேசவேண்டியது இதைப் பற்றித்தான்.

ஓர் ஆசிரியர் மறுக்கிற கதைக்குத் தனியாக மூன்று வரி எழுதுகிறார் என்றால், அந்தக் கதை அவரைக் கொஞ்சம் படுத்தியிருக்கிறது என்று பொருள். வேண்டாம் என்று உடனே தள்ள முடியாமல் இருந்திருக்கிறது. நானே அப்படி எழுதுவது மிகச் சில கதைகளுக்குத்தான். “பிற்பகுதி பிடித்திருந்தது” என்பதை நீங்கள் ஒப்புக்குச் சொன்ன உபசார வார்த்தை என்று நினைத்துவிட்டீர்கள். உபசாரத்துக்கு எழுதுகிறவர் பிற்பகுதி என்று குறிப்பாக எழுதமாட்டார், கதை நன்றாக இருந்தது என்று பொதுவாக எழுதுவார். எந்தப் பகுதி என்று சொல்கிறவர் கடைசிவரை படித்தவர்.

அவர் சொன்னதை உங்கள் கதையில் வைத்துப் பார்த்தேன். முதல் பக்கம் 2011 டிசம்பர் 30ஆம் தேதி அதிகாலை புயல் கரையைக் கடந்த செய்தியோடு தொடங்குகிறது. காற்றின் வேகம், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடந்தது, மின்கம்பங்கள் சாய்ந்தது, முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் அழிந்தது, அமைச்சர்கள் பார்வையிட வந்தது. எல்லாம் உண்மை. எல்லாம் அந்த வாரத்து நாளிதழில் வந்தவை. அதற்குப் பிறகு பெரியவரின் குடும்ப வரலாறு இரண்டு பக்கம். நான்காவது பக்கத்தில் இந்த இடம் வருகிறது: பொழுது விடிந்து பெரியவர் தோப்புக்குப் போகிறார். எது தம் நிலம், எது பங்காளி நிலம் என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லையாக நின்ற பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன. ஐம்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு நடந்த இடத்தில் வழி தெரியாமல் நிற்கிறார். பங்காளியும் அந்தப் பக்கம் வந்து அப்படியே நிற்கிறார். பல வருடமாகப் பேசாமல் இருந்த இருவரும், எந்த மரம் எங்கே இருந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

தம்பி, இதைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பண்ருட்டிப் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கிறவர் வீட்டில் பழகியவருக்கு மட்டுமே இது கிடைக்கும். எத்தனையோ தானே புயல் கதைகள் படித்திருக்கிறேன்; எல்லை தெரியாமல் போன மனிதரை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இதை நான்காவது பக்கத்தில் ஏன் ஒளித்துவைத்தீர்கள்? அந்த ஆசிரியர் சொன்ன “தொடக்கம் நீளம்” என்பதன் முழு அர்த்தம் இதுதான். உங்கள் கதை அந்தத் தோப்பில், அந்த விடியலில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இருப்பது கதைக்குள் நுழைவதற்காக நீங்கள் உங்களுக்கே எழுதிக்கொண்டது. எழுதும்போது அது தேவைப்பட்டிருக்கும், வாசகருக்குத் தேவையில்லை. பங்காளியோடு பகை எதனால் வந்தது என்ற ஒரு பத்தியை மட்டும் காப்பாற்றி, பேச்சு தொடங்கிய பிறகு வருகிற இடத்தில் வையுங்கள். மற்றதை எடுத்துவிடுங்கள். 4,000 சொல் 2,800 ஆகும். வேகமும் தானாக வரும்.

இது பெரிய எழுத்தாளர்களுக்கும் நடந்ததுதான். வில்லியம் கோல்டிங் பள்ளி ஆசிரியராக இருந்தபோது எழுதிய முதல் நாவல் பல பதிப்பகங்களிலிருந்து திரும்பியது. ஃபேபர் நிறுவனத்தில் முதலில் படித்தவர், குப்பை, சலிப்பு, அர்த்தமற்றது என்ற பொருளில் குறிப்பெழுதி ஒதுக்கினார். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த சார்லஸ் மான்டீத் என்ற ஆசிரியர் ஒதுக்கிய பிரதியை எடுத்துப் படித்தார். தொடக்கத்தில் அணுப்போரை விவரிக்கும் பக்கங்கள் அவருக்கும் சலித்தன. அவற்றைத் தாண்டி, சிறுவர்கள் தீவுக்கு வந்துசேர்ந்த பிறகு அவரால் கீழே வைக்க முடியவில்லை. அந்தப் போர்ப் பக்கங்களை நீக்கச் சொன்னார், கோல்டிங்கும் சம்மதித்தார். 1954இல் ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ வெளிவந்தது. மான்டீத்தின் பொறுமையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்த முதல் வாசகரின் குறிப்பும் முக்கியமாகப் படுகிறது. அவர் படித்த தொடக்கத்தை வைத்துப் பார்த்தால் அவருக்கும் காரணம் இருந்தது. முதல் மூன்று பக்கத்தைத் தாண்டி வருகிற பொறுமையை எல்லா வாசகரிடமும் எதிர்பார்க்க முடியாது.

“பேச்சுவழக்கு பிடிபடவில்லை” என்ற வரிக்கு மட்டும் நான் உங்கள் பக்கம். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு உரையாடலையெல்லாம் பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றிவிடாதீர்கள். கரிசல் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்த கி. ராஜநாராயணன், அந்த வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தவர். பிற்காலத்தில் புதுச்சேரியில் குடியேறி, இங்கே பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 2021இல் மறையும்வரை இலாசுப்பேட்டையில் வாழ்ந்தார். கண்மணி குணசேகரன் உங்கள் பகுதிக்கே ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ செய்து தந்திருக்கிறார். உங்கள் மண்ணின் சொல்லுக்கு அச்சில் இடமில்லை என்ற காலம் போய்விட்டது. ஆனாலும் அந்த வரியை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். எந்த இடத்தில் பிடிபடாமல் போயிருக்கும் என்று தேடினேன். பெரியவர் பேச்சு எனக்குச் சிக்கலாக இல்லை. வாக்கியத்தில் முன்னும் பின்னும் இருக்கிற செயல் பொருளைக் காட்டிவிடுகிறது. சிக்கல் கதைசொல்லி பேசுகிற இரண்டு பத்திகளில் இருக்கிறது. அவர் அதுவரை எழுத்துநடையில் சொல்லிக்கொண்டு வந்து, திடீரென்று வழக்குக்கு மாறி, மறுபடியும் திரும்புகிறார். வாசகர் தடுமாறுவது சொல்லில் இல்லை, இந்தத் தாவலில். ஆசிரியர் வலிக்கிற இடத்தைச் சரியாகத் தொட்டிருக்கிறார், காரணத்தைச் சொன்னதில்தான் கொஞ்சம் விலகிவிட்டார். இது அடிக்கடி நடக்கும். ஒரு வாசகர் தடுக்கிய இடத்தை நம்புங்கள். எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்வதை நீங்களே யோசித்து முடிவெடுங்கள்.

அவர் “இப்போதைக்கு” என்றும் எழுதியிருக்கிறார். திருத்தி அனுப்புங்கள் என்று அவர் கேட்கவில்லை, அதனால் இதே கதையை அவருக்கே மறுபடி அனுப்பலாமா என்று ஒரு வரி கேட்டுவிட்டு அனுப்புங்கள். சிலருக்குத் “திருத்தி அனுப்பினால் பரிசீலிக்கிறோம்” என்றே வரும். அதையும் மறுப்பு என்று நினைத்து மூலையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் பதறுகிறது. அது பாதி ஏற்புக் கடிதம்.

வலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. வலிக்கும். இதைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போ என்று சொல்கிறவர்களின் பேச்சை நான் மதிப்பதில்லை. அந்தப் பெரியவரோடு நீங்கள் இரவுகளைக் கழித்திருக்கிறீர்கள். ஷிப்ட் முடிந்து வந்த உடம்போடு உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். அதை ஒருவர் வேண்டாம் என்றால் தொண்டை அடைக்கத்தான் செய்யும். அன்றைக்கு அந்தக் கதையைத் திறக்காதீர்கள். பதிலும் எழுதாதீர்கள். குறிப்பாக, ஆசிரியருக்குத் தொலைபேசியில் பேசி ஏன் என்று கேட்காதீர்கள்; அவருடைய கடிதத்தைப் படம் எடுத்து நண்பர்கள் குழுவில் போடாதீர்கள். சின்ன உலகம் இது. சென்னையில் எழுதியது புதுச்சேரிக்கு மறுநாள் வந்துவிடும். பத்து நாள் போகட்டும். பிறகு அந்த ஆசிரியருக்கு மட்டும், வாசித்துக் குறிப்புச் சொன்னதற்கு நன்றி என்று ஒரு வரி எழுதுங்கள். வாதம் வேண்டாம், விளக்கம் வேண்டாம். அடுத்த கதை போகும்போது உங்கள் பெயர் அவருக்கு நினைவிருக்கும்.

நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நோட்டுப் போடுங்கள்: கதையின் பெயர், சொல் எண்ணிக்கை, எந்த இதழ், அனுப்பிய தேதி, வந்த பதில். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். நீங்கள் ஒவ்வொன்றாக அனுப்பியது சரிதான். இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் அதற்குப் பிறகு உங்களை நம்பமாட்டார்கள். இதழ் காலம் குறிப்பிட்டிருந்தால் அதுவரை காத்திருங்கள். இல்லையென்றால் மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டு ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால், கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று பணிவாக எழுதிவிட்டு வேறிடம் அனுப்பலாம். இடையில் சும்மா இருக்காதீர்கள். அனுப்பிய கதையின் பதிலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு மறுப்பு மலையாகத் தெரியும். அடுத்த கதையில் முழுகியிருப்பவருக்கு அது தபாலில் வந்த ஒரு காகிதம்.

அனுப்பிய கதையை யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயம் புதியவர்கள் பலருக்கு இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதி முடித்தவுடனே உரிமை உங்களுடையது. பதிவு செய்திருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள், போதும்.

இனி, காசு கொடுத்துப் புத்தகமாகப் போடுவது. இந்த இடத்தில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். மறுப்புக் கடிதம் உங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. சில ஏற்புக் கடிதங்கள் எடுத்துக்கொள்ளும். “தங்கள் படைப்பு எங்களை வெகுவாகக் கவர்ந்தது” என்று தொடங்கி, அச்சுச் செலவுக்கு, அட்டைக்கு, புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு என்று பட்டியல் வரும். ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதற்குக் காசு கேட்கிறவர் மற்ற கணக்கை எப்படிச் சொல்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நம் புத்தகத்தை நாமே அச்சிடுவது கேவலமான காரியம் அல்ல. எத்தனையோ நல்ல கவிதைத் தொகுப்புகள் அப்படித்தான் வந்தன. இப்போது தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அச்சிட்டுக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஆனால் அது என்ன செலவு, யார் விற்பார்கள் என்று கண்ணைத் திறந்துகொண்டு செய்யவேண்டியது. மூன்று மறுப்புக்கு மருந்தாகச் செய்யக்கூடாது. கட்டுக்கட்டாகப் புத்தகம் கட்டிலுக்கு அடியில் கிடப்பதைப் பார்ப்பது, திரும்பி வந்த கதையைப் பார்ப்பதைவிட நீண்ட வேதனை. தொகுப்புக்கு இன்னும் காலமிருக்கிறது. ஏழெட்டுக் கதை இதழ்களில் வந்த பிறகு பதிப்பகங்களிடம் போங்கள். அதையும் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதங்களில் செய்யாதீர்கள்; அந்த நேரத்தில் எந்தப் பதிப்பாளருக்கும் புதிய கைப்பிரதியைப் பிரிக்க நேரமிருக்காது. மார்ச், ஏப்ரல் நல்ல சமயம்.

நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். எல்லை மரம் சாய்ந்த அந்த இடத்தைப் படிக்காமல் இருந்திருந்தால், அது உங்கள் விருப்பம் என்று எழுதியிருப்பேன். படித்துவிட்டதால் அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. நிறுத்தாதீர்கள். ஊரை வைத்துப் புதுமைப்பித்தனோடும் ஜெயகாந்தனோடும் உங்களை நிறுத்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அவர்களை வாசியுங்கள், அது போதும்.

கதையைத் திருத்தியதும் எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டு இன்னொரு மாதம் தள்ளாதீர்கள். 2,500, 3,000 சொல் வரை கதை வெளியிடுகிற ஒரு மாத இதழையோ இணைய இதழையோ வாசித்துத் தேர்ந்தெடுத்து நேரே அனுப்புங்கள். வேர்டு கோப்பாக, யூனிகோடில். கூடவே நீளமான சுயவிவரம் வேண்டாம், கதையின் கருத்து விளக்கமும் வேண்டாம். இவ்வளவு போதும்: “வணக்கம். ‘எல்லை’ என்ற சிறுகதையை இணைத்துள்ளேன். 2,800 சொற்கள். இது என் சொந்தப் படைப்பு. வேறு எங்கும் வெளியாகவில்லை, வேறு இதழின் பரிசீலனையிலும் இல்லை. கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.” தலைப்பு என் யோசனைதான். நீங்கள் வைத்திருக்கும் ‘புயலுக்குப் பின்’ என்பதைவிட இது உங்கள் கதைக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.